வண்டியா, வீடா?

வீட்டைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றும் பாக்கியம் நத்தைக்கு மாத்திரமே உரியதென்று இப்போது சொல்வதற்கில்லை. ஜேர்மனியிலே வெஸ்ட்பாலியா நிறுவனம் 1951 ஆம் ஆண்டில் வொக்ஸ்வாகன் வானுக்குள் படுக்கை, மேசை முதலியவற்றைப் பொருத்தத் தொடங்கிற்று. இன்று பிரித்தானியாவிலே பலர், பொருளேற்றித் தேய்ந்த வானொன்றை வாங்கித் தம் கையாலேயே வீடாக்கிக்கொள்கின்றனர்.

தச்சுவேலை முடிந்த பின்னரே எழுத்துவேலை தொடங்குகிறது. பதிவுப் புத்தகத்தில் 'வான்' என்றிருப்பதை 'மோட்டார் கரவன்' என மாற்றுவிக்க விரும்புவோர், அப்புத்தகத்தையும் உள்ளும் புறமும் எடுத்த படங்களையும் ஸ்வான்சி நகரிலுள்ள பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டும். (அப்புத்தகம் உடைமைப் பத்திரமன்று; வண்டிக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று மாத்திரமே அது கூறும். பழைய வண்டி வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் நன்று.)

வண்டியினுள் படுக்கை, மேசையுடன் இருக்கை, அடுப்பு, பொருள் வைக்கும் அலுமாரி ஆகியன நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கவேண்டும். இதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் திணைக்களம் வெளித்தோற்றத்தையும் பார்க்கிறது. பக்கத்திலே இரண்டு சாளரங்கள், உள்ளே செல்லத் தனிக்கதவு, நிழற்சீலையைச் சுருட்டிவைக்கும் தண்டு, உயர்ந்த கூரை, இரு பக்கங்களிலும் கரவனுக்குரிய சித்திரங்கள் இவைபோன்ற அடையாளங்களை அது தேடுகிறது. வேண்டும்போது மாத்திரம் தூக்கி நிறுத்தும் கூரை உயர்ந்த கூரையாகக் கொள்ளப்படமாட்டாது! அடையாளம் போதாதெனில், உள்ளே அரண்மனையே இருப்பினும் புத்தகத்தில் அது வானாகவே நிற்கும்.

எம்மிடம் தமிழ் கற்ற மாணவரொருவர் இலண்டனில் வசிக்கிறார். ஓராண்டுச் சனி ஞாயிறுகளைச் செலவிட்டு வானொன்றை வீடாக்கியுள்ளார். முழங்கால் நோவினால் விடுதிப் படிகளில் ஏறமுடியாத தம் தாயாரை ஸ்கொட்லாந்தின் ஏரிக்கரைகளுக்கு அழைத்துச் செல்லவேண்டுமென்பது அவருடைய ஆசை. விண்ணப்பிக்குமுன் எமக்கு எழுதினார்: "சேர், உள்ளே சோறு வேகிறது, வெளியே நிற்பவன் வான் என்கிறான். இது இடுகுறிப் பெயரா, காரணப் பெயரா?"

காரணப் பெயரே என்று விடையெழுதினோம். காரணந்தான் இரண்டாக இருக்கிறது. வீதியில் ஓடும் வண்டியைப் பொலிஸார் தோற்றத்தைக் கொண்டே இனங்காணவேண்டியிருப்பதால், பார்வைக்கு எதுவோ அதுவே பெயர் என்பது திணைக்களத்தின் காரணம். அதனை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. களவுபோன வண்டியைத் தேடும் காவலர் அடுப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா? உடையவருடைய காரணமோ பயன். வீதிப் போக்குவரத்து விதிகளில் மோட்டார் கரவனுக்குக் கூறப்படும் இலக்கணமும், மக்கள் வாழ்தற்கு வேண்டிய வசதிகள் நிலையாகப் பொருத்தப்பட்ட வண்டி என்பதுதான். ஒரே நாட்டில் ஒரே வண்டிக்கு இரண்டு இலக்கணங்கள்!

இது வெறுஞ் சொற்போர் அன்று. நடுவே பிரிப்பில்லாத வீதியில், பொருளேற்றும் வானுக்கு வேக எல்லை மணிக்கு 50 மைல். வெறும் எடை 3.05 தொன்னுக்கு மேற்படாத மோட்டார் கரவனுக்கு 60 மைல். பிரிப்புள்ள வீதியில் அவை முறையே 60, 70 ஆகும். இவ்வெல்லை வண்டியின் அமைப்பைப் பொறுத்ததேயன்றிப் புத்தகச் சொல்லைப் பொறுத்ததன்று. ஆயினும் தண்டப் பத்திரம் வந்துவிட்டால், அமைப்பை விளக்கும் பாரம் சாரதியின் தலைமேல்தான் விழும். தோற்றத்துக்கு ஒரு வரியும் பயனுக்கு ஒரு வரியும் புத்தகத்தில் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும் என்றே எமக்குத் தோன்றுகிறது.

புத்தகம் எதைக் கூறினும், மாற்றங்களைக் காப்புறுதிக்காரருக்கு ஒன்றுவிடாமல் முதலில் அறிவிக்குமாறு எழுதினோம். அவரும் அவ்வாறே செய்து, பக்கத்திலே சாளரமும் வெட்டுவித்தாராம். இப்பொழுது அவருக்குள்ள ஐயம் சித்திரத்தைப் பற்றியது. அங்குள்ளோர் மலையும் கடலலையும் வரைவிக்கின்றனர்; தாயாரோ பனைமரந்தான் வேண்டும் என்கிறாராம்.