சீட்டு திரும்பும் வரை

ஒரு ஸ்டோரியை, அதாவது பயனருக்குத் தேவையான ஒரு சிறு வேலையை, எஸ்டிமேட் செய்ய உட்காரும் மென்பொருள் குழு முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இது எதைப் போன்ற வேலை என்பது. எத்தனை நாள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். முன்பே முடித்த ஒரு வேலையை அளவுகோலாக வைத்து, புதியது அதைவிடச் சிறிதா, இரட்டிப்பா, நான்கு மடங்கா என்று ஒப்பிடுகிறார்கள். உழைப்பு, சிக்கல், இன்னும் தெரியாதது ஆகிய மூன்றும் சேர்ந்த அந்த ஒப்பீட்டு எண்தான் ஸ்டோரி பாயிண்ட். வேலையைச் செய்யப்போகிற எல்லோரும் ஆளுக்கொரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்து, ஒரே சமயத்தில் திருப்பிக் காட்டுகிறார்கள். பிளானிங் போக்கர் என்ற இந்த முறையின் பெயரைக் கேட்டதும் “சீட்டாடவா சம்பளம்?” என்று சிரிப்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. சீட்டாட்டம் பெயரில் மட்டுமே இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒழுங்குக்கு எழுபது ஆண்டு வயது.

1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் டெல்பி முறையை வகுத்தார்கள். நிபுணர்களின் கணிப்பைத் தனித்தனியாக, யார் சொன்னது என்பது தெரியாமல், பல சுற்றுகளில் வாங்குவது அந்த முறை. பேரி போம் அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்து, சுற்றுகளுக்கு நடுவே பேச்சுக்கும் இடம் கொடுத்தார். வைட்பேண்ட் டெல்பி எனப்பட்ட அந்த முறையை 1981இல் வெளியான அவரது நூல் விளக்குகிறது. 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் அதை ஒரு சீட்டுக் கட்டுக்குள் சுருக்கினார். இரண்டு பேர் வாதாடிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் கூட்டங்களுக்கு அவர் கண்ட மருந்து அது. 2005இல் மைக் கோன் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது.

கோன் பரிந்துரைத்த கட்டில் 0, ½, 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 ஆகிய எண்கள் இருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் பெருகுவதற்குக் காரணம் உண்டு. 1க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 20க்கும் 21க்கும் உள்ளது யாருக்கும் தெரியாது. தெரியாத துல்லியத்தைத் தெரிந்ததுபோல் எழுத இந்தக் கட்டு இடம் தருவதில்லை. 1 முதல் 13 வரையிலான வரிசையை ஃபிபோனாச்சி எண்கள் என்று இளைஞர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஃபிபோனாச்சியின் நூல் 1202இல் வந்தது. அதற்கு முன்பே இந்திய யாப்பியலார் குறில் நெடில் அடுக்குகளை எண்ணி இதே வரிசையைக் கண்டிருந்தார்கள். விரகாங்கர், 12ஆம் நூற்றாண்டின் ஹேமச்சந்திரர் ஆகியோரின் பெயர்கள் எஸ்டிமேஷன் வகுப்புகளில் காதில் விழுவதில்லை.

நடைமுறை எளிது. என்ன தேவை என்பதைத் தீர்மானிக்கும் பிராடக்ட் ஓனர் ஸ்டோரியைப் படிக்கிறார். குழு சந்தேகங்களைக் கேட்கிறது. எண் மட்டும் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. எல்லோரும் சீட்டை எடுத்துக் கவிழ்க்கிறார்கள், ஒன்றாகத் திருப்புகிறார்கள். எண்கள் ஒத்துப்போனால் குறித்துக்கொண்டு அடுத்த ஸ்டோரிக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் மிகக் குறைந்த எண்ணைக் காட்டியவரும் மிக அதிக எண்ணைக் காட்டியவரும் காரணம் சொல்ல வேண்டும். பிறகு மறுசுற்று. மூன்று சுற்றிலும் சேராத ஸ்டோரி மதிப்பீட்டுக்கு இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அதை உடைக்க வேண்டும், அல்லது ஒருவர் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும்.

அந்தமானின் வடகோடியில் உள்ள திக்லிபூருக்குப் போகும் கப்பலின் டிக்கெட் செயலியைச் சென்னையில் ஒரு குழு செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வேண்டும் என்பது ஸ்டோரி. ஐந்து பேர் சீட்டைத் திருப்புகிறார்கள்: 3, 3, 5, 3, 13. பணம் செலுத்தும் பகுதி முன்பே எழுதப்பட்டிருக்கிறது, அதைத் திருப்பி ஓட்டினால் போதும் என்கிறார் 3 காட்டியவர்களில் ஒருவர். 13 காட்டியவர் திக்லிபூர்க்காரர். ரத்து செய்வது எப்போதும் பயணிதான் என்று யார் சொன்னது என்று அவர் கேட்கிறார். கடல் கொந்தளித்தால் கப்பலே புறப்படாது. அப்போது ஏரியல் பே துறைமுகத்தில் காத்திருக்கும் அத்தனை பேரின் டிக்கெட்டும் ஒரே நொடியில் ரத்தாகும். தீவுவாசிக்குச் சலுகைக் கட்டணம், வெளியூர்க்காரருக்கு வேறு கட்டணம். மருத்துவத்துக்குப் போகிறவர் பணத்தைக் கேட்க மாட்டார். அடுத்த கப்பலில் இடம் கேட்பார். இதைக் கேட்டதும் ஸ்டோரி இரண்டாக உடைகிறது: பயணி ரத்து செய்வது 3, கப்பல் ரத்தாவது 8. இரண்டு நிமிடத்தில் முடிந்த இந்தப் பேச்சுதான் மதிப்பீட்டின் முழுப் பயன். எண்கள் அதன் தடயம் மட்டுமே.

இந்த முறை ஒரே இடத்தில்தான் தொடர்ந்து முறிகிறது. சீட்டு திரும்புவதற்கு முன்பே ஓர் எண் சத்தமாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. மற்றத் தவறுகளுக்கெல்லாம் பயிற்சியில் மருந்து உண்டு. இதற்கு மட்டும் இருபது ஆண்டு பழகிய குழுக்களும் பலியாகின்றன.

உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அது 10இலோ 65இலோ நிற்கும்படி முன்பே ஏற்பாடு செய்தார்கள். பிறகு ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடு விடை 25. 65ஐப் பார்த்தவர்களின் நடு விடை 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பார்ப்பவர்களுக்கே தெரியும். அப்படியும் மனம் நங்கூரம் போட்டுக்கொண்டது. சக்கரத்துக்கே இந்த வலு என்றால், சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் டீம் லீடின் வாய்க்கு எவ்வளவு வலு இருக்கும்?

தமிழ் பேசும் குழுக்களில் இந்த நங்கூரம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. “ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்ல?” என்ற கேள்வியில் விடையும் அடங்கியிருக்கிறது. கடைசியில் ஒட்டிய அந்த ‘ல’ ஒப்புதலை மட்டுமே கேட்கிறது. “சின்ன வேலைதானே, தம்பி” என்பதில் வரும் ‘தானே’யும் அப்படித்தான். அதற்கு வழக்கமாக வரும் பதில் “நீங்க சொன்னா சரிண்ணா.” மூத்தவர் பேசியபின் இளையவர் மறுத்துப் பேசுவது வீட்டிலும் பள்ளியிலும் பழக்கப்படாத ஒன்று, அலுவலகத்தில் மட்டும் எங்கிருந்து வரும்? மேலே சொன்ன குழுவில் லீட் முதலில் “3 போதும்ல?” என்றிருந்தால், 13ஐக் கையில் வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு 5ஐ எடுத்திருப்பார். கப்பல் ரத்தாகும் செய்தி, செயலி வெளியான பிறகு வரும் முதல் புயலன்றுதான் குழுவுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ஆபத்தை மாட்டுச் சந்தைத் தரகர்கள் எந்த ஆய்வும் படிக்காமல் அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டுச் சந்தைகளில் துண்டை மேலே போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது வழக்கம். விலை வெளியே கேட்டால் அடுத்த மாட்டின் விலையும் அதைச் சுற்றியே நிற்கும். கவிழ்த்த சீட்டு அந்தத் துண்டைப் போன்றது. துண்டை விலக்கிவிட்டு விலை பேசும் தரகரைச் சந்தை மதிக்காது. சீட்டைக் கவிழ்க்காமல் எண் கேட்கும் லீடை மட்டும் வேகமானவர் என்று பாராட்டுகிறார்கள்.

மீறல்கள் நுட்பமானவை. பக்கத்தில் இருப்பவர் எந்தச் சீட்டைத் தொடுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பது ஒன்று. மற்றவர்கள் திருப்பும்வரை அரை நொடி தாமதித்துக் கையை மாற்றுவது இன்னொன்று. ஸ்டோரியைப் படிக்கும்போதே “வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்” என்று சேர்த்துப் படிப்பது மூன்றாவது. அதில் எண் இல்லாததுபோல் தோன்றும். உண்மையில் அதுதான் மிகப் பெரிய நங்கூரம். கூட்டத்தை நடத்தும் நல்ல ஸ்க்ரம் மாஸ்டர் குழுவின் முகங்களைப் பார்ப்பதில்லை, கைகளைப் பார்க்கிறார். லீடைக் கடைசியில் பேச வைக்கிறார். புதிதாகச் சேர்ந்தவரின் சீட்டு தனித்து நின்றால் அவரையே முதலில் பேச வைக்கிறார். விசாரணைத் தொனியில் “ஏன் இவ்வளவு?” என்று கேட்பதில்லை. “எங்களுக்குத் தெரியாதது எது?” என்று கேட்கிறார்.

தொலைவிலிருந்து வேலை செய்பவர்களால் இந்தச் சிக்கலுக்குப் புது வடிவம் வந்திருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் பதிக்க 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அது 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் கேபிள் கரையேறும் இடங்களில் வடக்கே கடைசி ரங்கத். திக்லிபூர் அதற்கும் வடக்கே இருக்கிறது. இணைப்பு தள்ளாடும் ஊரிலிருந்து கூட்டத்தில் சேர்பவருக்கு “ஒன்று, இரண்டு, மூன்று” என்ற குரல் கேட்பதற்குள் மற்றவர்களின் எண்கள் திரையில் வந்துவிடும். பிறகு அவர் காட்டும் சீட்டு சுயமானதாக இராது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். எல்லோரின் எண்ணும் வந்து சேரும்வரை மறைத்துவைக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவதே சரி. சாட் பெட்டியில் எண் போடச் சொல்வது தவறு. தொலைவில் இருப்பவருக்கே களம் தெரிந்திருக்கிறது. அவருடைய எண்தான் முதலில் நங்கூரத்தில் சிக்குகிறது.

வேறுபடும் எண்களுக்குச் சராசரி எடுப்பது அடுத்த குறுக்குவழி. 3க்கும் 13க்கும் சராசரி 8 என்று எழுதிவிட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும். ஆனால் ஒருவர் ஒரு வேலையையும் இன்னொருவர் வேறு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டு காட்டிய எண்கள் அவை. இல்லாத மூன்றாவது வேலையின் அளவுதான் அந்த 8.

பாயிண்டை நாளாக மாற்றுவதில்தான் வெளியாட்களின் பொறுமை தீர்கிறது. இங்கே திக்லிபூர்ச் சாலையே பாடம். அங்கிருந்து போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் ஊருக்கு, அந்தமான் டிரங்க் சாலையில் சுமார் 300 கி.மீ. தூரம். கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து நேரம் சொல்பவரைத் தீவுவாசிகள் பார்த்துச் சிரிப்பார்கள். பாரடாங்கில் வண்டி கடலிடுக்கைப் படகில் கடக்க வேண்டும். அதன்பின் ஜராவா பழங்குடியினரின் காப்புப் பகுதி. அங்கே குறித்த நேரங்களில் மட்டும், காவலோடு, வரிசையாகத்தான் வண்டிகள் போகலாம். அந்த நாளின் கடைசிக் கான்வாயைத் தவறவிட்டால் பயணம் மறுநாளைக்குப் போகும். தூரம் மாறவில்லை, நாள் மாறிவிட்டது. ஸ்டோரி பாயிண்ட் அந்தத் தூரத்தைப் போன்றது. அனுமதிக்குக் காத்திருப்பது, வேறு குழுவின் நிரலுக்குக் காத்திருப்பது, சோதனைச் சர்வருக்குக் காத்திருப்பது இவையெல்லாம் கான்வாய்கள். ஒரு குழு கடந்த சில ஸ்பிரிண்ட்களில், அதாவது குறுகிய வேலைச் சுற்றுகளில், சராசரியாக எத்தனை பாயிண்ட் முடித்தது என்ற வெலாசிட்டிதான் தூரத்தை நாளாக்கும் ஒரே நேர்மையான கணக்கு. அந்தக் காத்திருப்புகள் அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன.

வெலாசிட்டியை மதிப்பெண்ணாக்கினால் அந்தக் கணக்கும் கெடும். போன காலாண்டைவிடப் பத்து விழுக்காடு அதிகம் வேண்டும் என்று கட்டளை வந்தால், குழு அதைக் கொடுத்துவிடும்: நேற்றைய 3 இன்று 5 ஆகும். இரண்டு குழுக்களின் பாயிண்ட்களை ஒப்பிடுவது, ஓர் ஊரின் மரக்காலையும் இன்னொரு ஊரின் மரக்காலையும் அளந்து பார்க்காமலே ஒன்றெனக் கொள்வது போன்றது. ஸ்டோரி பாயிண்ட்டின் தொடக்கத்தோடு தொடர்புடைய ரான் ஜெஃப்ரீஸ் 2019இல், அதைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துவதாக எழுதினார். இந்தக் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே இல்லை என்பதையும் அதைக் கட்டாயமாக்கும் மேலாளர்கள் கவனிப்பதில்லை.

இப்போது வந்திருக்கும் குறுக்குவழிகள் கூட்டத்தையே வேண்டாம் என்கின்றன. லீட் தனியாக உட்கார்ந்து காத்திருக்கும் ஸ்டோரிகளின் பட்டியலான பேக்லாக் முழுவதற்கும் எண் போடுகிறார். விற்பனைக்காரர் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து பின்னோக்கி வகுத்து எண் எழுதுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஸ்டோரியை ஒட்டி, அது சொல்லும் எண்ணைக் குழுவின் முன் வைக்கிறார்கள். அந்த எண் சில நேரம் சரியாகக்கூட இருக்கும். ஆனால் ஏரியல் பேயில் கடலைப் பார்த்துக் காத்திருந்தவரின் 13ஐ எந்தக் குறுக்குவழியும் வெளியே கொண்டுவராது. இயந்திரத்தின் எண்ணும் சத்தமாகச் சொல்லப்பட்ட முதல் எண்தான். சக்கரம் நின்ற இடம்தான். அதைக் கேட்டே ஆக வேண்டுமென்றால், மனிதர்களின் சீட்டுகள் திரும்பிய பிறகு கேட்கலாம்.

சீட்டு திரும்புவதற்கு முன் யார் வாயிலிருந்தாவது எண் வந்துவிட்டால் அந்தச் சுற்று செல்லாது. அந்த ஸ்டோரியை ஒதுக்கிவைத்து, இன்னொரு நாள் புதிதாக எடுக்க வேண்டும்.