இரத்தத்தில் சேர்ந்த இரும்பு

ஏழாம் மாதத்தில் என் மகளின் முகம் வெளிறியது. இரத்தச் சோகை என்றார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வைத்தியம் கேட்கவா வேண்டும்? மாமி பேரீச்சம்பழத்தை ஊறவைத்துப் பிசைந்து ஊட்டினார்கள். உம்மா ஈரல் சூப் கொடுத்தார்கள். உள்ளூர் மருத்துவர் ஒருவர் இரும்புச்சத்து டானிக் எழுதித் தந்தார். ஐந்து மாதங்கள் வீணாயின. பின்னர் மதுரையில் காட்டியபோதுதான் அது தலசீமியா என்று தெரிந்தது.

என் கணவர் என் மாமி மகன். நோயின் கூறு எங்கள் இருவரிடமும் மறைந்திருந்தது. எங்களுக்கு அதனால் ஒரு துன்பமும் இல்லை. ஆயினும், இத்தகைய தம்பதியருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினோம். கன்னத்தில் நிறம் திரும்பிற்று. கவலை தீர்ந்ததென்று எண்ணியிருந்த வேளையில் மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடம்பிலிருந்து கழிவதோ நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அளவே. எஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் தங்கி அவற்றைக் கெடுக்கும். ஆகவே, ஏற்றிய இரத்தம் விட்டுச்செல்லும் இரும்பை மருந்தால் இறக்கியே ஆகவேண்டும்.

முதலில் டெஸ்ஃபெரியாக்ஸமின். வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சிறிய பம்ப் மூலம் இரவில் எட்டு மணி நேரம் மருந்து செலுத்த வேண்டும்; வாரத்தில் ஐந்து இரவுகள். ஊசியைக் கண்டதும் பிள்ளை போர்வைக்குள் ஒளிந்துகொள்வாள். பாவமென்று நான் விட்டுவிட்ட இரவுகள் பல. கணவரிடம் அதைச் சொன்னதில்லை. எட்டு வயதில் ஃபெரிட்டின் பரிசோதனை சொல்லிவிட்டது: ஆயிரத்துக்குள் இருக்கவேண்டிய அளவு 3,800!

இப்போது டெஃபராசிராக்ஸ் மாத்திரை. சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளையும் தவறவிடுவதில்லை. பதினாறு வயதில் ஃபெரிட்டின் 1,200-க்கு இறங்கியிருக்கிறது. உணவோடு பால் கலவாத தேநீர் அருந்தினால் இரும்பு குறைவாகவே உடம்பில் சேரும் என்றார் மருத்துவர். நோன்பு திறக்கையில் ஒரு பேரீச்சம்பழம் தின்றால் குற்றமில்லை என்று அவர் சொன்னபின்தான் மாமியின் முகம் மலர்ந்தது.

சென்ற ஆண்டு காக்கா மகளுக்குச் சொந்தத்தில் வரன் பேசினார்கள். நிச்சயத்துக்கு முன் இருவருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை செய்யுங்கள் என்றேன். "பெண்ணுக்குக் குறை என்று ஊர் பேசாதா?" என்று சினந்த காக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தாமே மகளை அழைத்துக்கொண்டு போனார்கள். அவளிடம் கூறு இருந்தது, மாப்பிள்ளையிடம் இல்லை. நிகாஹ் நடந்தது.

காக்கா அந்தப் பேச்சை இன்றுவரை எடுத்ததில்லை. இளைய மகனுக்கும் இரத்தப் பரிசோதனை செய்தாயிற்று என்று மதினிதான் சொன்னார்கள்.