வெளிச்சம் எங்கே விழ வேண்டும்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் ஒருவர்

இருட்டைக் கண்டால் விளக்கைப் பெரிதாக்குவது மனித இயல்பு. அன்று மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்ட கைகள்தாம் இன்று காரின் முகப்பு விளக்குக்கு வாட் கூடிய பல்பைத் தேடுகின்றன. வீட்டு விளக்கைப் பெரிதாக்கினால் வீட்டார் அனைவருக்கும் நன்மை உண்டு. சாலையில் ஓடும் விளக்கோ அப்படிப்பட்டதன்று. ஒருவருக்கு வழியைக் காட்டும் அதே நொடியில் அது இன்னொருவருக்கு வழியை மறைக்கவும் வல்லது. இதை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு கிடைத்தது.

என் தந்தையார் ஆதம்பாக்கத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர். பகல் சவாரியைவிட இரவுச் சவாரிக்குப் பேட்டா கூடுதல். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் செல்வோர், தை மாதத்தில் மேல்மருவத்தூர் செல்வோர், ஊருக்கு அவசரமாகப் புறப்படுவோர் எல்லாரும் இரவில்தான் வண்டி கேட்பார்கள். எங்கள் கார் பத்து ஆண்டு ஓடிய கார். மழைக்காலம் தொடங்கியதும், "ரோடே சரியாத் தெரியலடா" என்று அவர் சொல்லத் தொடங்கினார். நண்பர்கள் எல்லாரும் நூறு வாட் பல்பு போடச் சொன்னார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "நீதான் காலேஜுல லைட்டப் பத்திப் படிக்கிறியே, எந்த பல்பு போடலாம்னு நீ சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியலிடம் எங்கள் வீடு கேட்ட முதல் கேள்வி அது. இரவுச் சவாரி நின்றுபோனால் வீட்டு வருமானத்தில் பெரும்பகுதி நின்றுபோகும் என்பதால் விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியும் கூட.

இருவரும் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றோம். மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற தெரு அது. ஒரு கடையில் மூன்று வகை பல்புகளை எடுத்து வைத்தார்கள். முதலாவது 100/90 வாட் பல்பு. இரண்டாவது, வெள்ளை வெளிச்சம் தரும் என்று சொல்லப்பட்ட நீலம் பூசிய பல்பு. மூன்றாவது, பின்னால் சிறிய மின்விசிறி பொருத்திய எல்.இ.டி. பல்பு. "எதைப் போட்டாலும் ராத்திரி பகலாயிடும் சார்" என்றார் கடைக்காரர். எதையும் வாங்காமல் திரும்பினோம். ராத்திரி யாருக்குப் பகலாகும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

எங்கள் காரில் இருப்பது எச்-4 என்னும் ஹாலஜன் பல்பு. 1971-இல் அறிமுகமான இந்த வகை இன்றும் நம் நாட்டில் பல கார்களில் உள்ளது. இதற்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் உண்டு. பிரைட்டுக்கு 60 வாட். டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்கு அடியில் சிறு கரண்டி போன்ற ஒரு தகடு இருக்கிறது. அந்த இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாதபடி அது தடுக்கிறது. ஆகவே ஒளி மேல்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கித் திரும்புகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாகக் கோடு கிழித்தாற்போல் ஒரு விளிம்பு தெரியும். இடப்புறம் மட்டும் அந்த விளிம்பு சற்று மேலே ஏறும். நம் நாட்டில் இடப்புறம் செல்கிறோம். ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும், வலப்புறம் எதிரே வருபவர் கண் கூசக் கூடாது. இரண்டையும் ஒரு சிறு தகடு செய்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் பல்புக்குள் இவ்வளவு நாகரிகம் இருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இந்த விளிம்பு பொதுவாக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்து செல்லும்படி வைக்கப்படுகிறது. விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 65 மீட்டர் தூரத்தில் அது தரையைத் தொட்டுவிடும். டிம் வெளிச்சத்தின் எல்லை அவ்வளவுதான். பல்பின் வாட்டைக் கூட்டினால் இந்த எல்லை ஓர் அடிகூட நீளாது. எல்லைக்குள் இருக்கும் வெளிச்சம்தான் கூடும். காருக்கு முன்னால் அருகில் உள்ள தரை பளிச்சென்று ஆனதும் நம் கண்ணின் பாவை சுருங்கும். தொலைவு முன்னைவிட இருண்டு தோன்றும்!

சரி, பிரைட்டிலாவது நன்மை உண்டா? 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் போட்டால் ஒளி சுமார் 1.67 மடங்கு ஆகிறது என்று கொள்வோம். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்பது பள்ளியிலேயே படித்த விதி. ஆகவே எட்டும் தூரம் 1.3 மடங்குதான். மறுபுறம், 55 வாட்டுக்கு அமைந்த கம்பியில் 90 வாட்டுக்கான மின்னோட்டம் பாய்ந்தால், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2.7 மடங்காகிறது. பல்பு ஹோல்டர் உருகுவதும், சுவிட்ச் கருகுவதும் இதனால்தான். மூன்று பங்கு தூரம் போன இடத்தில் நான்கு பங்கு போவதற்காக வண்டிக்குள் நெருப்பைக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டுமா?

நீல பல்பின் கதை வேறு. பூசிய நீலம் இழையின் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. வெண்மை கூடினாற்போல் தோன்றுகிறதே தவிர, சாலைக்கு வந்து சேரும் ஒளி குறைகிறது. எல்.இ.டி. விளக்கு நல்ல விளக்குதான். தொழிற்சாலையிலேயே அதற்கென்று அமைந்த கார்களில் அது சிறப்பாகவே எரிகிறது. ஆனால் எங்கள் காரின் ரிஃப்ளெக்டர், மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு வளைக்கப்பட்டது. அந்த இடத்தில் தடித்த தகட்டின் இருபுறமும் ஒட்டிய எல்.இ.டி.யை வைத்தால் கணக்குத் தவறிவிடும். விளிம்பு கலைந்து ஒளி மேலே சிதறும். சிதறிய ஒளி போய்ச் சேரும் இடம் எதிரே வருபவர் கண்.

சட்டமும் அந்தக் கண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதியைப் படித்துப் பார்த்தேன். விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. பெயரில்லாத, முகமில்லாத ஒரு மனிதனின் கண்ணுக்கு இவ்வளவு துல்லியமாக இடம் குறித்து வைத்திருக்கிறார்கள்! கூசிய கண் மீள்வதற்குச் சில நொடிகள் ஆகும். மூன்று நொடி என்றே வைத்துக்கொண்டாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அதற்குள் 50 மீட்டரைக் குருடராகக் கடந்திருப்பார்.

அப்படியானால் தந்தையாருக்கு ஏன் சாலை தெரியவில்லை? தெருவில் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மல்டிமீட்டரை வாங்கி வந்து அளந்து பார்த்தோம். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. எரியும் பல்பின் முனையில் 12.2 வோல்ட்தான் இருந்தது. மீதி 1.6 வோல்ட்டைத் துருப்பிடித்த எர்த்தும் பழைய கம்பியும் தின்றுகொண்டிருந்தன. இழை விளக்கில் மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் ஒளி பெரிதும் குறையும். பத்து விழுக்காடு குறைந்தால் ஒளியில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு போய்விடும். எங்கள் காரில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

அண்ணன் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். பேட்டரியிலிருந்து ஃபியூஸும் ரிலேயும் வைத்துத் தடித்த கம்பி இழுத்தார். பல்பில் 13.4 வோல்ட் வந்தது. கணக்குப்படி ஒளி ஏறத்தாழ 1.4 மடங்கு. வெயிலில் மஞ்சளித்திருந்த விளக்கு முகப்பை நீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்த்துப் பாலிஷ் போட்டோம். முன் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் புகையைத் துடைத்தோம். கடைசியாக, வட்டத்துக்குள் ஈ என்னும் தரக் குறி உள்ள சாதாரண 60/55 வாட் பல்புகள் இரண்டை வாங்கினோம். விரல் எண்ணெய் பட்டால் சூட்டில் அந்தக் கண்ணாடி கெடும் என்பதால் துணியால் பிடித்துப் பொருத்தினோம்.

பிறகு ஒரு நாள் இரவு, தெருக்கோடி மாவு மில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, விளக்கின் உயரத்துக்கு ஒரு கோடும் அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடும் சாக்குக்கட்டியால் போட்டோம். இடது விளக்கின் விளிம்பு கீழ்க்கோட்டில் சரியாக நின்றது. வலது விளக்கு மேல்கோட்டையும் தாண்டி நின்றது. தந்தையார் வெகு நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதிர்ல வர்றவன் எல்லாம் எனக்கு லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டினானே, இதுக்குத்தானா?" என்றார். திருகாணியைத் திருப்பி இறக்கினோம்.

சாலை நன்றாகத் தெரிந்தது. ஆயினும் எதிர்விளக்கு பட்டால் கண் கூசுவது மட்டும் தீரவில்லை. ஆகவே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் சென்றோம். 1819-இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று அது. தொடக்க நிலைக் கண்புரை என்று கண்டுபிடித்தார்கள். புரை விழும் கண்வில்லைக்குள் ஒளி சிதறும். எதிரே வரும் ஒரு விளக்கு முழுக் கண்ணையும் நிறைத்துவிடும். இப்போதைக்குக் கண்ணாடி போதும், முற்றும்போது அறுவை செய்துகொள்ளலாம் என்றார் மருத்துவர். எந்தக் கடையிலும் கிடைக்காத பல்பு நம் கண்ணுக்குள் இருக்கிறது என்பது அன்று எங்களுக்குப் புரிந்தது.

அதன்பின் தந்தையார் ஒரு முடிவு செய்தார். ஜி.எஸ்.டி. சாலையில் நடுத்திட்டு உண்டு. அதில் வளர்க்கும் அரளிச் செடி அழகுக்காக மட்டுமன்று, எதிர்விளக்கை மறைப்பதற்காகவும்தான். திண்டிவனத்தில் பிரிந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் அந்த மறைப்பு எங்கும் கிடைப்பதில்லை. எனவே அறுவை முடியும்வரை அந்தப் பக்கம் இரவுச் சவாரி வேண்டாம் என்று விட்டுவிட்டார். விடியற்கால விமான நிலையச் சவாரிகளை எடுக்கிறார். வருமானம் குறைந்ததுதான். வீட்டில் அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

வேகத்தையும் குறைத்துக்கொண்டார். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போய்விடும். நல்ல சாலையில் வண்டி நிற்க இன்னும் 23 மீட்டர். மொத்தம் 48. வேகம் 80 ஆனால் மொத்தம் 74 மீட்டர். டிம் விளக்கின் எல்லையோ 65 மீட்டர். மேல்மருவத்தூருக்கு நடந்து செல்லும் பக்தர்களின் சிவப்பு ஆடை மங்கிய ஒளியில் கறுப்பாகத்தான் தெரியும். அந்த 65-லும் பாதி தூரத்தில்தான் அவர்கள் கண்ணில் படுவார்கள். வேகத்துக்கு ஏற்ற விளக்கைத் தேடி அலைவதைவிட, விளக்குக்கு ஏற்ற வேகத்தில் செல்வதே அறிவுடைமை.

தோழர்களே! நம்மில் பலர் இன்று மோட்டார் சைக்கிளிலும், நாளை காரிலும் செல்லப் போகிறவர்கள். பல்பு மாற்ற நினைக்கும்போது முதலில் கம்பியை அளந்து பாருங்கள், கண்ணாடியைத் துடையுங்கள், சுவரில் கோடு போட்டுப் பாருங்கள், ஐம்பதைத் தாண்டிய பெற்றோரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எதிரே ஒரு வண்டி வந்தால் அவர் இறக்கட்டும் என்று காத்திராமல் நீங்கள் முதலில் டிம்முக்கு இறக்குங்கள். அந்த வண்டியை ஓட்டி வருபவரும் யாரோ ஒரு மாணவனின் தந்தையாக இருக்கக் கூடும்.