தெர்மாகோல் செக்

உடற்பயிற்சிக்கும் எனக்கும் உள்ள உறவு, எங்கள் தெருவுக்கும் தண்ணீர் லாரிக்கும் உள்ள உறவு மாதிரி. வரும் வரும் என்பார்கள், வராது. வந்தாலும் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டுப் போய்விடும்.

இருந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதி, ஒரு வருஷ சந்தாவை மொத்தமாகக் கட்டி ஒரு ஃபிட்னஸ் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சந்தா இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது. எழுதினால் உள்ளே விடமாட்டார்கள். (போகிக்கு முதல் நாளோடு நான் நின்றுவிட்டேன் என்பது வேறு விஷயம்.)

அது வெறும் ஜிம் இல்லை, 'லைஃப் ஸ்டைல்' கம்பெனியாம். டம்பெல் விற்பார்கள். டி ஷர்ட் விற்பார்கள். டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் விற்பார்கள். நடுநடுவே இளைஞர் நலம், ஆரோக்கியம் என்று நல்ல காரியமும் செய்வார்கள். பிப்ரவரியில் அந்த நல்ல காரியம் எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். கட்டணம் 600 ரூபாய். டி ஷர்ட், மெடல், பொங்கல், வடை உண்டு.

"அக்கவுண்ட்ஸ்லேர்ந்து நாலு பேராவது ஓடணும்" என்றார் மானேஜர்.

"ஆடிட்டர் வந்தாலே ஓடறோமே ஸார், போதாதா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொண்டார்.

பக்கத்து சீட் நண்பருக்கு எதிலும் சந்தேகம். "யோவ், நாம 600 ரூபா குடுத்து, அவங்க பேர் போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு, அவங்க விளம்பரத்தை முதுகுல சுமந்து அஞ்சு கிலோமீட்டர் ஓடணும். போஸ்டர் ஒட்டறவனுக்குக்கூடக் கூலி உண்டுய்யா!" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் பெயர் எழுதியாகிவிட்டதே!

ஓடுவதற்கு ஷூ பார்க்க தி.நகர் போனேன். "வீட்ல இருக்கற ஷூவே இன்னும் புதுசாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி. உண்மை. மொத்தம் பன்னிரண்டு நாள் போட்ட ஷூ. அதைப் பெருமையாகச் சொல்கிற மாதிரியும் இல்லை.

கடைப் பையன் ஒரு ஜோடியை எடுத்து வைத்து, "ஆசிக்ஸ்னா என்ன அர்த்தம் தெரியுமா ஸார்?" என்றான். எனக்கு விலைச்சீட்டின் அர்த்தம் மட்டும் தெரிந்தது. மெல்லக் கீழே வைத்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி விடவில்லை. ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

கிஹாச்சிரோ ஓனிட்சுகா என்று ஒரு ஜப்பானியர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பி வந்தால், ஊரெல்லாம் இடிபாடு. கோபே நகரத்துத் தெருக்களில் பையன்கள் வேலையில்லாமல், போக்கிடம் இல்லாமல் திரிகிறார்கள். இவர்களை விளையாட வைத்தால் உருப்படுவார்கள் என்று தோன்றியது அவருக்கு. விளையாட ஷூ வேண்டுமே? 1949ல் கம்பெனி ஆரம்பித்தார். முதலில் செய்ய முயன்றது கூடைப்பந்து ஷூ. ஓடி வந்து சட்டென்று நிற்கவேண்டும்; வழுக்கக்கூடாது. அது மட்டும் சரியாக வரவில்லை. ஒருநாள் சாப்பாட்டில் வெள்ளரிக்காயும் ஆக்டோபஸ்ஸும் போட்ட பச்சடி. ஆக்டோபஸ் கையில் இருக்கும் உறிஞ்சிகளைப் பார்த்தார். ஷூவின் அடியிலும் அதே மாதிரிக் குழிகள் வைத்தார். வழுக்கல் நின்றது! (எங்கள் வீட்டிலும் வாரம் இரண்டு நாள் வெள்ளரிக்காய்ப் பச்சடிதான். இதுவரை ஒரு செருப்புக்கூட உதிக்கவில்லை.) 1977ல் கம்பெனிக்குப் பெயர் மாறியது. 'நல்ல உடம்பில் நல்ல மனசு' என்று பொருள்படும் ஐந்து லத்தீன் வார்த்தைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆசிக்ஸ்.

அங்கே பையன்கள் முதலில் வந்தார்கள். ஷூ அப்புறம் வந்தது. நம் ஆட்கள் விஷயத்தில் எது முதல்? படுத்தவுடன் தூங்குகிற எனக்கு அன்றைக்குக் கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. பெசன்ட் நகர் கடற்கரை. எழுநூறு பேர், எல்லோரும் ஒரே நிறச் சட்டை. எம்.டி.யும் ப்யூனும் ஒரே மாதிரி தெரிந்த அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஓட்டத்தை வருஷத்துக்கு நாலு தடவை நடத்தலாம்.

முதல் கிலோமீட்டர் ஓடினேன். இரண்டாவது நடந்தேன். மூன்றாவதில் கடற்கரையே லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் போய் ஒதுங்கி உட்கார்ந்தேன். அங்கே பத்தாவது படிக்கிற வயசுப் பையன் ஒருவன் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். சட்டையைத் தூக்கினான். வயிற்றில் ஏதோ குத்திக்கொண்டான். ஊசி!

"டேய்! என்னடா பண்றே?" என்று கத்திவிட்டேன். பேப்பரில் படிக்கிற போதை ஊசிச் செய்தியெல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தது.

அவன் பதறவே இல்லை. "இன்சுலின், அங்கிள். பொங்கல் சாப்பிடப் போறேன். அதுக்கு முன்னாடி போட்டுக்கணும்."

என் வயது 34. 'அங்கிள்' முதல் அடி. இரண்டாவது அடி நானே தேடிக்கொண்டது. "இந்த வயசுல சர்க்கரையா? ரொம்ப சாக்லேட் சாப்பிட்டியோ?" என்றேன்.

"எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க, அங்கிள்" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பஸ் ரூட் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். பிறகு அவனே விளக்கினான். இது டைப் 1. இனிப்பு தின்று வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடுகிறது. அதனால் வெளியிலிருந்து போட்டுத்தான் ஆகவேண்டும். தினமும், ஆயுள் முழுக்க. இவனுக்கு ஏழு வயதிலிருந்து.

"ஸ்கூல்ல?"

"பாத்ரூம்ல போட்டுப்பேன். தெரிஞ்சா ஒட்டிக்கும்னு பக்கத்துல உக்கார மாட்டாங்க."

(அதனால்தான் அவன் பெயரை இங்கே எழுதவில்லை.)

என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினான். "வெறும் வயித்துல ஓடினீங்களா? இதைப் போட்டுக்குங்க. எனக்கு சர்க்கரை ரொம்ப இறங்கிட்டா சாப்பிட வெச்சிருக்கேன்." சர்க்கரை நோய்க் குழந்தைகளுக்கு உதவி செய்ய 600 ரூபாய் கட்டி வந்தவன், சர்க்கரை நோய்க் குழந்தையிடம் மிட்டாய் வாங்கித் தின்றேன்!

மிச்சத்தை நடந்தே முடித்தேன். மெடல் போட்டார்கள். மேடையில் கம்பெனி முதலாளி ஆறடி நீளத்துக்கு ஒரு தெர்மாகோல் செக்கை, அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன டிரஸ்டின் அம்மாளிடம் கொடுத்தார். 75,000 ரூபாய். கைதட்டல், போட்டோ. நிஜச் செக் ஒரு கவரில் இருந்தது. பத்து நிமிஷத்தில் கூட்டம் கலைந்தது. அந்த அம்மாள் தெர்மாகோல் செக்கோடு நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். எழுபது வயதிருக்கும். எந்த ஆட்டோவிலும் செக் நுழையவில்லை. கடற்கரைக் காற்று வேறு. செக் அவரை இழுத்துக்கொண்டு இன்னொரு ஐந்து கிலோமீட்டர் ஓடத் தயாராக இருந்தது.

"விட்டுட்டுப் போயிடலாமே அம்மா?"

"குழந்தைங்க பாக்கணும்னு சொன்னாங்க தம்பி."

ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை ஆட்டோவுக்கு வெளியே நான் பிடிக்க, அடையாறு வரை போனோம். வழியில் அவர்தான் சொன்னார்: "1922 ஜனவரியில டொரண்டோ ஆஸ்பத்திரியில லியோனார்ட் தாம்ஸன்னு 14 வயசுப் பையனுக்குத்தான் முதல்முதலா இன்சுலின் போட்டாங்க. சாகக் கிடந்தவன். அப்புறம் 13 வருஷம் இருந்தான். அடுத்த வருஷம் அதைக் கண்டுபிடிச்சவங்க, உரிமையை அந்த ஊர் யுனிவர்சிட்டிக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் குடுத்துட்டாங்க. அந்த செக்கை யாரும் தெர்மாகோல்ல பண்ணலை."

நாற்பது குழந்தைகளாம். "இன்சுலின் பெரியாஸ்பத்திரியில இலவசமாக் கிடைச்சுடுது. ரத்தத்துல சர்க்கரை பாக்கற ஸ்ட்ரிப்புதான் இடிக்குது. ஒண்ணு 20 ரூபா. ஒரு நாளைக்கு நாலு வேணும்" என்றார். பிறகு செக்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "செக்கு பெரிசாத்தான் இருக்கு, தம்பி. ஆனா அது வருஷத்துக்கு ஒரு தடவை. ஊசி தினம் நாலு தடவை."

அக்கவுண்ட்ஸ்காரன் மூளை சும்மா இருக்குமா? 40 குழந்தை, 4 ஸ்ட்ரிப், 20 ரூபாய்: நாளைக்கு 3,200. ஆக 75,000 ரூபாய் 23 நாளில் காலி!

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். பிப்ரவரியில் என்னை அங்கே பார்த்ததும் ரிசப்ஷன் பெண் பயந்துபோனாள், சந்தாவைத் திருப்பிக் கேட்க வந்தேன் என்று. அதிகாரி ஓர் இளைஞர். சண்டை போடும் எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். அவர் வரவுசெலவையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். 600 ரூபாயில் குழந்தைகளுக்குப் போனது 107 ரூபாய். யாரும் திருடவில்லை. சட்டை, மெடல், மேடை, மைக், ஆம்புலன்ஸ், பொங்கல் என்று போயிருக்கிறது. நான் தின்ற இரண்டு வடையும் அதில் அடக்கம்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதம் சமூகத்துக்குச் செலவழிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இவர்கள் அந்த வரம்புக்குள் வராத சின்னக் கம்பெனி. யாரும் கேட்காமலேதான் செய்கிறார்கள். ஓட்டங்களால் பிரயோஜனமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கோயமுத்தூரில் 2013லிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காக மாரத்தான் நடத்துகிறார்கள். அங்கே ஓடுகிற பலருக்கு அந்த வியாதியைப் பற்றிப் பேசும் கூச்சம் போனதே பெரிய லாபம். எனக்கும் அந்தக் கடற்கரைக்குப் போயிராவிட்டால், சாக்லேட் தின்றால்தான் சர்க்கரை வரும் என்கிற ஞானத்தோடேயே ரிட்டயர் ஆகியிருப்பேன்.

"ஸார், சட்டை வேண்டாம், மெடல் வேண்டாம்னு சொல்றவங்க பணத்தை அப்படியே ஸ்ட்ரிப்புக்குக் குடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டாம். மாசா மாசம் குடுங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன்.

"மாசா மாசம்னா போட்டோ எடுக்க முடியாதே?" என்று சிரித்தார். ஆனால் குறித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. கம்பெனி மாதம் 10,000 ரூபாய் தருமாம். ஒரு வருஷத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் 22 பேர் சம்பளத்தில் 300 ரூபாய் பிடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து, போஸ்டர் கூலி கேட்ட பக்கத்து சீட் நண்பருடையது! "சட்டை தரமாட்டாங்கள்ல? அப்ப சரி" என்றார்.

ஆக மாதம் 16,600. வருஷத்துக்கு 62 நாள் ஸ்ட்ரிப். பழைய 23 நாளையும் சேர்த்தால் 85. மீதி 280 நாள் அப்படியே இருக்கிறது. பெரிய சாதனை என்று மார்தட்ட இதில் ஒன்றுமில்லை.

போன வாரம் டிரஸ்டுக்குப் போனேன். அந்தப் பையன் இப்போது பாத்ரூமில் ஊசி போட்டுக்கொள்வதில்லை. அம்மாள் போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசி, டீச்சர்கள் ரூமில் ஒரு மூலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு பைசா செலவில்லை. எந்தக் கம்பெனியும் ஸ்பான்ஸர் செய்யவில்லை.

சுவரில் அதே தெர்மாகோல் செக்கைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். பின்பக்க வெள்ளையில் ஸ்கெட்ச் பேனாவால் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்தின் பெயர். மார்ச், ஏப்ரல், மே மூன்றிலும் 'டிக்' போட்டிருந்தது. டிக் போட்டது அந்தப் பையன்தான்.

"அடுத்த மாசமும் வந்துடும்ல அங்கிள்?" என்றான்.

"வரும்டா" என்றேன். இந்த முறை 'அங்கிள்' அவ்வளவாக வலிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"உங்க ஜிம்முக்கும் இப்படிப் பன்னிரண்டு கட்டம் போட்டு ஹால்ல மாட்டலாமா?"