வாகை சூடியவர் யார்?

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், சின்னமனூருக்கு அப்பால் இருக்கிறது உத்தமபாளையம். இரு புறமும் மலைத்தொடர். நடுவே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும். மேற்குக் கடலை நாடிச் சென்றுகொண்டிருந்த பெரியாற்று நீர், 1895-ஆம் வருஷம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் திரும்பிற்று. அதனால் விளைந்த செழுமையை இன்றும் கண்ணாரக் காணலாம்.

இங்கு வரும் யாத்திரிகர்களில் பலர் காளாத்தீசுவரரைத் தரிசித்துவிட்டுச் சுருளி அருவிக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். நாம் ஊருக்கு அருகிலுள்ள திருக்குணகிரிக்குச் சென்றோம். அங்கே பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் காணப்படுகின்றன. அச்சணந்தி என்னும் முனிவர் பெயரும் அவற்றுள் ஒன்று. பார்சுவநாதரின் தலைக்குமேல் நாகம் படம் விரித்துக் குடை பிடிக்கிறது. எந்த உருவத்தின் கையிலும் ஆயுதம் இல்லை. சிரசில் மகுடமும் இல்லை. ஆயினும் இவர்களுக்கு வழங்கும் பெயர் 'ஜினர்', அதாவது வென்றவர். இவர்கள் வென்றது ஐம்புலன்களை!

அந்தப் பாறையின் முன் நின்றபோது 'வாகை' என்னும் நம் பழைய சொல் நினைவுக்கு வந்தது. வாகை ஒரு மரம். மெல்லிய நூலிழைகளைத் திரட்டியது போன்ற அதன் மணமுள்ள பூவை, பகைவரை வென்ற தமிழ் வேந்தர் சூடினர். அதனால் மரத்தின் பெயரே வெற்றிக்கும் பெயராயிற்று. வென்ற மன்னனின் தேருக்கு முன்னும் பின்னும் ஆடிய கூத்துக்களை, முன்தேர்க்குரவை, பின்தேர்க்குரவை என்று வாகைத் திணையின் துறைகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது.

ஆனால் தொல்காப்பியர் அதோடு நிற்கவில்லை. அவரவர் தமக்குரிய செயலில் மேம்பட்டு விளங்குவதே வாகை என்பது அவர் கருத்து. போர்வீரரோடு அந்தணரும், ஏனைய தொழிலோரும், அறிவரும், தவம் புரியும் தாபதரும் அவ்வரிசையில் இடம் பெறுகிறார்கள். அரசுகட்டிலைத் துறப்பதும், அருளோடு பொருந்திப் பற்று நீங்குவதும் வாகைத் துறைகளே! அந்த இலக்கணப்படி, திருக்குணகிரியில் வீற்றிருக்கும் மௌனிகளும் வாகை சூடியவர்கள்தாம்.

இன்றோ தேர்தலிலும் பந்தாட்டத்திலும் வென்றவரே 'வாகை சூடினார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது பிழையன்று. ஆனால் வெற்றியென்றால் தோற்றவன் ஒருவன் தலைகுனிந்து நிற்கவேண்டும் என்ற எண்ணம் நம் குழந்தைகள் மனத்தில் ஊன்றிவிட்டால், சொல்லின் பாதிப் பொருள் அழிந்து போகும். 1930-ஆம் வருஷம் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்த சத்தியாக்கிரகிகள் ஒருவரையும் அடிக்கவில்லை, அடியைப் பொறுத்தார்கள். அவர்களுக்கு வாகை இல்லையெனில் வேறு யாருக்கு உண்டு?

கம்பம் பள்ளத்தாக்குக்குச் செல்லும் அன்பர்கள் அருவியோடு திரும்பிவிடாமல், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இந்தக் குன்றையும் பார்க்க வேண்டும். வெற்றி என்ற சொல்லுக்கு உரிய விரிந்த பொருளை, அங்கே கல்லைக் காட்டியே விளக்கிவிடலாம்.