பாடுபட்டவர் மட்டுந்தானா?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்து வாசகசாலையில் நிகழ்ந்த வாக்குவாதத்தை அன்பர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். விருந்து முடிந்து, வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்து, கூடத்தில் கோலப்போட்டிக்குப் பரிசு வழங்கிக்கொண்டிருந்த வேளை அது. ராக்கி மார்சியானோ என்னும் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் உண்மையில் எவ்வளவு திறமை உடையவர் என்பதே வாதத்தின் பொருள். நாம் ஒரு பக்கம். ரெயில்வேயில் பிட்டராயிருந்து ஓய்வுபெற்ற நம் பெரியவர் மறுபக்கம். வென்றவர் நாமே என்று கூடியிருந்தோர் தீர்ப்பளித்தனர். அந்தத் தீர்ப்பில் பாதியை இன்று நாமே ரத்து செய்யவேண்டியிருக்கிறது. சபையில் சொன்ன சொல்லைச் சபையிலேயே திருத்துவதுதான் முறை. ஆகவே இக்கட்டுரை.

வாதம் தொடங்கியது இளைஞர்களால். பிளாய்டு மேவெதர் என்பவர் 2017-ஆம் ஆண்டில் தம் ஐம்பதாவது போட்டியையும் வென்று, ஒரு தோல்வியும் இன்றி ஓய்வுபெற்றதை ஒரு பையன் வியந்து பேசினான். உடனே பெரியவர், “அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் 49 போட்டிகளில் 49-ஐயும் வென்று, தோல்வியே அறியாமல் கையுறையைக் கழற்றி வைத்தார், தெரியுமா?” என்றார். அவர் சொன்னது மார்சியானோவை.

சொன்னது முற்றும் உண்மையே. 1923-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டன் நகரில் பிறந்தவர் மார்சியானோ. இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவரின் மகன். முதலில் பேஸ்பால் ஆட்டத்தில் சேரவே முயன்றார். பந்தை எறியும் கைக்கு வலுப் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! அந்தக் கைதான் பின்னர் 49 போட்டிகளில் 43-இல் எதிரியைப் போட்டி முடியுமுன்பே வீழ்த்தியது. 1952-இல் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை வென்றார்; ஆறு முறை அதைக் காத்தார்; 1956-இல் ஓய்வுபெற்றார். 1969-இல், தமது நாற்பத்தாறாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், விமான விபத்தில் மாண்டார்.

நாம் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா. ஒரு பெரிய தொகையைக் கண்டால், அது எந்தெந்தச் சிறு தொகைகளால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது நம் தொழில். விளையாட்டுப் பத்திரிகைகளை விடாமல் வாசிப்பது நம் பழக்கம். அந்த 49-ஐ அன்று சபையில் பிரித்துக் காட்டினோம்.

1951-இல் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிஸ் யார்? உலகம் கண்ட மாவீரர்தாம். ஆனால் அப்போது அவருக்கு வயது 37. ஒருமுறை ஓய்வுபெற்று, வரிக்கடன் தீர்க்க மீண்டும் கோதாவில் இறங்கியவர். 1952-இல் பட்டத்தைப் பறிகொடுத்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. அப்போட்டியிலும் முதல் ரவுண்டிலேயே மார்சியானோ தரையில் விழுந்தார்; பன்னிரண்டு ரவுண்டுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்டே முன்னிலை. 1954-இல் இருமுறை எதிர்த்த எஸ்ஸார்டு சார்லஸ் தம் உச்சநிலையைக் கடந்துவிட்டவர். 1955-இல் கடைசியாக எதிர்த்த ஆர்ச்சி மூர் பிறந்தது 1913-ஆ, 1916-ஆ என்பதே வழக்கு. எப்படியும் இளைஞர் அல்லர். இப்படி அடுக்கிக்கொண்டே போனோம். பெரியவர் வாய் திறக்கவில்லை. நம் இளைஞர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் தந்த போதையில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னோம். “ஐயா, திறமை வேறு, பாடுபடுதல் வேறு. மார்சியானோ பாடுபட்டவர் மட்டுமே, திறமைசாலி அல்லர்.”

பெரியவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பின்னர் ஆறு வாரங்கள் வாசகசாலைப் பக்கமே வரவில்லை. நாள் தவறாமல் மாலை ஐந்து மணிக்கு வந்து பத்திரிகைகளை வரிசைப்படுத்தி வைப்பவர் அவர். அவர் வராததால் மேஜைமேல் பத்திரிகைகள் குப்பலாய்க் கிடந்தன. அதைக் காணும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு உறுத்தியது. ஒரு ஞாயிறன்று அவர் வீட்டிற்குப் போனோம்.

திண்ணையில் பெரியவர் அமர்ந்திருந்தார். நம் மன்னிப்பை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. “எழுந்து நில்லும், தம்பி. கையை உயர்த்திக் காவல் வையும்” என்றார். எழுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை எடுத்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. நாம் தயங்கினோம். “வையும்!” என்றார்.

அப்போதுதான் அவரும் குத்துச்சண்டை பயின்றவர் என்று அறிந்தோம். அவர் வாலிபராய்க் கரக்பூருக்கு வந்த காலத்தில் ரெயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர் பலர் இருந்தார்கள். அவர்களிடையே இந்த விளையாட்டுக்குப் பெரும் மோகம். எஞ்சின் டிரைவர் ஒருவர் இவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இவரது கைகள் குட்டையானவை. எதிரியின் முகத்திற்கு எட்டா. சலித்துப்போய் விட்டுவிட நினைத்தவரிடம், டிரைவர் தம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த மார்சியானோவின் படத்தைக் காட்டினாராம். “இவருக்கும் குட்டைக் கைதான். இவர் என்ன செய்தார் என்று பார்” என்றாராம்.

நாம் இடக்கையை நீட்டி நின்றோம். பெரியவர் முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். நம் கை அவர் தலைக்கு மேலே காற்றில் நின்றது. கையைத் தாழ்த்தினோம், அவர் தலை இடப்பக்கம் நகர்ந்திருந்தது. பின்வாங்கினோம், நம் வலக்கால் போகவிருந்த இடத்தில் அவர் காலடி முன்பே வந்து நின்றது. மூன்று அடி பின்னால் திண்ணைத் தூண் நம் முதுகில் இடித்தது. அவர் நம்மைத் தொடவே இல்லை.

“நீளக் கை உமக்குப் பலம் என்று நினைத்தீர். தூணில் முதுகு இடித்த பிறகு அந்த நீளம் எதற்கு ஆகும்?” என்றார் பெரியவர், மூச்சு வாங்கியபடி.

பிறகு இருவரும் அருகருகே அமர்ந்து, கைப்பேசியில் பழைய படச்சுருள்களைப் பார்த்தோம். மார்சியானோவின் உயரம் ஐந்தடி பத்தங்குலம் அளவே. பட்டப் போட்டிகளில் அவர் எடை 190 பவுண்டை எட்டியதில்லை. ஹெவிவெயிட் வீரர்களிடையே இது சிறிய உருவம். கைகளின் நீட்டளவு எழுபது அங்குலத்திற்கும் குறைவு. ஜோ லூயிஸுக்கோ 76 அங்குலம். ஆகவே அவருடைய பயிற்சியாளர் சார்லி கோல்டுமன் அவரை நிமிர்த்தி அழகாக நிற்கவைக்க முயலவில்லை. இன்னும் தாழ்ந்து குனியவே பழக்கினார். பார்ப்பதற்கு விகாரமான அந்தக் குனிவு, குட்டைக் கைக்காரன் உள்ளே புகுவதற்கென்று வகுத்த வழி.

மற்றொன்றையும் பெரியவர் சுட்டிக்காட்டினார். ரோலண்டு லாஸ்டார்ஸா என்பவர் மார்சியானோவைவிட இளையவர், தற்காப்பில் வல்லவர். 1950-இல் இருவரும் மோதியபோது, நடுவர்களிடையே கருத்து வேறுபட்டு, மயிரிழையில்தான் மார்சியானோ வென்றார். 1953-இல் மீண்டும் மோதினார்கள். இம்முறை மார்சியானோ, முகத்தை மறைத்துக் காவல் நின்ற கைகளையே விடாமல் குத்தினார். நாம் பார்த்தபோது, குறி தவறிக் கண்ட இடத்தில் அடிக்கிறார் என்றே தோன்றியது. “குறி தவறவில்லை. கோட்டைக்குள் இருப்பவனை விட்டுவிட்டு மதிலை இடிக்கிறான். மதில் விழுந்தால் கோட்டை தானே விழும்” என்றார் பெரியவர். அப்படியே ஆயிற்று. லாஸ்டார்ஸாவின் கைகள் தாழ்ந்தன. பதினோராம் ரவுண்டில் போட்டி நிறுத்தப்பட்டது.

பட்டத்தை வென்ற அந்தப் பதின்மூன்றாம் ரவுண்டையும் பார்த்தோம். வால்காட் கயிற்றருகே ஒதுங்குகிறார். மார்சியானோவின் வலக்கை மிகக் குறுகிய தூரமே பயணம் செய்கிறது, வால்காட் சரிகிறார். அதிர்ஷ்டக் குத்து என்று நாம் பொங்கலன்று சொன்னது அதைத்தான். நாலைந்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பின்னர் அப்படிச் சொல்ல நம் நாக்கு கூசியது.

ஆயினும் நம் கட்சியை முழுவதும் விட்டுக்கொடுக்க இயலாது. எதிரிகளின் வயதுக் கணக்கு பொய்யன்று. 1956-இல் மார்சியானோ துறந்த பட்டத்தை, 21 வயது பிளாய்டு பாட்டர்சன் அதே ஆண்டில் வென்றார். அந்தப் புதிய தலைமுறையோடு மார்சியானோ மோதவே இல்லை. மோதியிருந்தால் என்னாகும் என்பதற்கு ஏட்டில் விடை கிடையாது. 1969-இல் அவரையும் முகம்மது அலியையும் கோதாவில் நடிக்கவைத்துப் படமெடுத்து, முடிவைக் கம்ப்யூட்டரிடம் கேட்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் திரையிட்டபோது, மார்சியானோ பதின்மூன்றாம் ரவுண்டில் வெல்வதாக முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடில்லை. வேறு முடிவுகளும் முன்கூட்டியே படமெடுத்து வைக்கப்பட்டிருந்தன! எந்த முடிவையும் ஒட்டிக்கொள்ளலாம் என்றால், அதைச் சான்றாகக் கொள்வது எப்படி? இதைச் சொன்னபோது பெரியவரும் சிரித்து ஒப்புக்கொண்டார். “எல்லாரையும்விடப் பெரியவர் என்று நான் சொல்லவில்லை, தம்பி. திறமை இல்லாதவர் என்று நீர் சொன்னதைத்தான் மறுத்தேன்” என்றார்.

இத்துடன் எழுந்து வந்திருக்கலாம். ஆனால், “அன்று ஏன் பதில் சொல்லாமல் போனீர்கள்?” என்று கேட்டுவிட்டோம்.

அவர் சற்று நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நான் ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டுப் பேசியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். கடும் உழைப்பாளி, கடும் உழைப்பாளி! முப்பத்தெட்டு ஆண்டில் ஒருவராவது வேலை தெரிந்தவன் என்று சொல்லவில்லை. சரி, என்னை விடும். உம் தகப்பனார் என்னிடம் கலாசியாக இருந்தாரே, அவரைப்பற்றி உமக்கு என்ன தெரியும்?”

“நன்றாக உழைப்பார்” என்றோம்.

“பார்த்தீரா? நீருமா!” என்றார் பெரியவர். “வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் வேலை இருந்ததே, அதில் உம் தகப்பனாருக்கு நிகராக ஒருவரை நான் கண்டதில்லை. நான் நல்லது என்று விட்ட சக்கரத்தை, இன்னொரு முறை தட்டிப் பாருங்கள் என்பார். பிறகு பார்த்தால் மயிரிழை வெடிப்பு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆகவே, பாவம், நன்றாக உழைப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.”

நம் தந்தையார் 2008-இல், பணியிலிருக்கும்போதே காலமானார். அதனால்தான் பத்தாம் வகுப்போடு நின்ற நமக்கு அந்த வேலை கிடைத்தது. பிறகு இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். அவர் கொடுத்த நாற்காலியில் அமர்ந்துகொண்டு, அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாம் யாரிடமும் கேட்டதில்லை. மாலையில் வீட்டிற்கு வந்ததும் அவர் குடத்தை ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் மொள்வார். விளையாட்டு என்று நாம் சிரித்திருக்கிறோம்.

அழகாக இருப்பதை மட்டுமே திறமை என்று காணப் பழகிய கண்ணுக்கு மற்றவையெல்லாம் வெறும் பாடாகவே தெரிகின்றன. நம் கண்ணும் அத்தகையதே என்பதை அறிய, ஒரு திண்ணைத் தூணில் முதுகு இடிக்கவேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களில் ‘நன்றாக உழைத்தார்’ என்ற ஒரே சொல்லோடு வழியனுப்பப்பட்ட தந்தையர் எத்தனை பேர்! அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்டுச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பெரியவர் அடுத்த மாதம் தம் மகளோடு வசிக்கத் திருநெல்வேலிப் பக்கம் போகிறார். அதற்குள் இந்த இதழ் அவர் கைக்குக் கிடைக்கவேண்டும் என்பது நம் அவா. மார்சியானோவின் எதிரிகளில் பலர் வயதானவர்கள் என்று அன்று சொன்னதில் மாற்றமில்லை. திறமைசாலி அல்லர் என்று சொன்னதை, அன்று கைதட்டிய இளைஞர்கள் அறிய, இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.