மீதிக் கடுகு

பென்னாகரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் கேழ்வரகோடு கடுகையும் விதைப்பதுண்டு. பொடி விதையாதலால் வெறுங்கையால் வீசினால் ஓரிடத்திலேயே குவிந்துவிடும். எனவே அம்மா மணலோடு கலந்து தூவி, முட்கிளையை இழுத்து மேலாக மூடுவார். ஆழத்தில் புதைந்த கடுகு முளைப்பதரிது.

அவ்வாண்டு ஆடியில் பெய்த ஒரே மழையை நம்பி விதைத்தோம். ஐந்தாம் நாள் வயல் பச்சை காட்டியது. பின்பு அடித்த வெயிலில் அத்தனையும் கருகிற்று.

அப்போதுதான் அம்மா பானையிலிருந்து மீதி விதையை எடுத்தார். கடுகளவு நம்பிக்கை போதும் என்று இயேசு ஆண்டவர் சொல்லியிருக்க, பாதியை ஒளித்து வைத்தது அவநம்பிக்கையல்லவா என்று கேட்டேன். கோவிலில் கேட்ட மறையுரையின் சூடு எனக்கு.

"வானம் ஆண்டவர் கையில், பானை என் கையிலடா" என்றார்.

ஆவணியில் மேகம் திரண்ட ஒரு மாலையில் மீண்டும் மணல் சலித்தோம். அப்போதும் ஒரு பிடியை அவர் பானையிலேயே விட்டுவைத்தார்.